பத்தில் மூன்று

நான் பயந்தாங்கொள்ளி. யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. பல்லி விழுந்தால் வீடே கேட்கும்படி கத்துவேன். மலைப்பாதையில் பேருந்து வளைந்தால் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். இப்படிப்பட்டவளை மலைச்சரிவைப் பற்றி முடிவெடுக்கும் வேலையில் உட்கார வைத்திருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்தப் பட்டைதான்.

ஊசிமட்டம் மலையில் இருந்தது எங்கள் முன்னறிவிப்பு மையம். சரிவுக்குள் ஆழமாகப் புதைத்த கருவிகள் மண்ணின் ஈரத்தையும் அசைவையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கணினி அவற்றைக் கூட்டிப் பெருக்கி, சரிவு இறங்கப் பத்தில் எத்தனை வாய்ப்பு என்று சொல்லும். அந்த எண் போதுமா, அபாயச் சங்கு ஊதி ஜனங்களை வெளியேற்றலாமா என்பதைக் கணினி சொல்லாது. அதற்கு மூன்று மனிதர்கள். இயக்குநர் வரதன் சார், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஐசக், அப்புறம் பொள்ளாச்சிக்காரி தமயந்தியாகிய நான்.

போன வருஷ மழையில் வரதன் சார் தனியாகவே முடிவெடுத்துச் சங்கு ஊதச் சொன்னார். சரிவுக்கு நேர் கீழே தேயிலைத் தொழிலாளர்களின் வீட்டு வரிசை இருக்கிறது. கீழ்லயம் என்பார்கள். அத்தனை பேரும் கொட்டும் மழையில் வெளியேறினார்கள். ஒரு நிறைமாதக் கர்ப்பிணிக்குப் பாதி வழியில் வலி கண்டு, லாரிக்குள்ளேயே பிரசவமாகி, குழந்தை தங்கவில்லை. மலையோ அசையவே இல்லை. பயத்தில் முடிவெடுத்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். அறிவியலுக்குள் விருப்பும் வெறுப்பும் பயமும் வரக்கூடாது என்று அலைந்து திரிந்து, அவரே அந்தப் பட்டையைக் கொண்டுவந்தார்.

சாம்பல் நிறத் துணிப்பட்டை. தலைவலிக்குக் கட்டுவது போல நெற்றியில் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். காய்ச்சல்காரன் நெற்றி போலக் கதகதப்பாகும். கொஞ்ச நேரத்தில் பயம் மரத்துவிடும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி. கணக்கு மறக்காது, படித்தது மறக்காது. என் தங்கையின் முகம்கூட நினைவுக்கு வரும், ஆதார் அட்டைப் படம் மாதிரி.

அறைக்குள் போக ஒரு முறை இருந்தது. கைப்பேசி, மோதிரம், குடும்பப் படம் எல்லாவற்றையும் வாசலில் காவலுக்கு இருக்கும் சந்திராவிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"கீழ உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா மேடம்?"

"இல்லை."

"அப்ப உள்ள போங்க."

இருக்கிறார்கள் என்று சொன்னால் அன்றைக்கு அந்த ஆளுக்கு வாக்கு கிடையாது. சரிவில் சொந்தக்காரர் உள்ளவர் நடுநிலையாக யோசிக்க முடியாதாம். உள்ளே கீழ்லயம் என்று சொல்லக்கூடக் கூடாது; பகுதி நான்கு என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பயப்படாமல் சம்பளம் வாங்கினேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே விடாமல் மழை. மூவரும் பட்டை கட்டி உட்கார்ந்திருந்தோம். வரதன் சார் எப்போதும் போல ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் எண் மெல்ல ஏறி, மதியத்துக்குப் பத்தில் மூன்று என்று நின்றது.

"பகுதி நாலு. பத்துல மூணு. போதுமா?" என்று கேட்டார் வரதன் சார்.

"போதாது," என்றார் ஐசக்.

"போதாது," என்றேன் நானும். எவ்வளவு வந்தால் போதும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. தெரியவில்லை என்பதும் உறைத்திருக்காது. வெளியே மரங்கள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. அது பாட்டுக்கு ஆடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீ நேரம் வந்தது. நெற்றி வெந்துவிடாமல் இருக்க, முறை வைத்துப் பட்டையைக் கழற்றி ஓய்வெடுக்க வேண்டும். நான் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

நாலடி நடந்திருப்பேன். காலையிலிருந்து பட்டிருக்க வேண்டிய பயம் மொத்தமாக ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே உள்ளே திரையைப் பார்த்தேன். அதே எண்தான். பத்தில் மூன்று. ஒரு புள்ளிகூடக் கூடவில்லை, குறையவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் அதைப் பார்த்துத்தான் போதாது என்று சொல்லியிருந்தேன். சொன்னவள் நான்தானா?

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? இந்தாங்க, சூடாக் குடிங்க."

மையத்தில் டீ போடுகிற புஷ்பராணி தம்ளரை நீட்டினாள். கீழ்லயத்தில்தான் வீடு. அன்றைய வேலை முடிந்து, நீலக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள்.

"பள்ளிக்கூடம் லீவு விட்டுட்டாங்கம்மா. மக நிரோஷா வீட்ல தனியா இருக்கு. மாமனாரு வேற படுத்த படுக்கை. மலை என்னாம்மா சொல்லுது? போகலாமா?"

முடிவு வரும்வரை எண்ணை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி.

"கொஞ்சம் இரு புஷ்பா," என்றேன்.

"எவ்வளவு நேரம்மா?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புள்ள பயப்படும்மா," என்று குடையை விரித்து இறங்கிவிட்டாள். நீலக் குடை தேயிலைச் செடிகளுக்கு நடுவே சின்னதாகிக்கொண்டே போனது.

ஓய்வு முடிந்தால் திரும்பிப் போய்ப் பட்டையைக் கட்ட வேண்டும். கட்டினால் மறுபடியும் போதாது என்பேன். புஷ்பா நினைவில் இருப்பாள். அவளுக்காக எதுவும் தோன்றாது. உள்ளங்கையில் எழுதி எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். எழுதினால் படிப்பேன், படித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வேன். மலையைவிட, இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த நாற்காலியில் உட்காரப் போகிற தமயந்தியை நினைத்துத்தான் எனக்கு உதறல் எடுத்தது.

பட்டையைக் கட்டாமலே உள்ளே போய் மேசைக்கு முன் நின்றேன்.

"மேடம், பட்டை," என்றார் ஐசக், கீழே விழுந்த கைக்குட்டையைச் சுட்டிக்காட்டுவது போல.

"மாட்டேனுங்க. சார், இது போதும். சங்கு ஊதோணும்."

"எண் மாறலையேம்மா," என்றார் வரதன் சார்.

"மாறலீங்க. ஆனா எத்தனை வந்தாப் போதும்னு இந்த எண்ணு சொல்லுதுங்களா? மழை வரப் பத்துல மூணு வாய்ப்புன்னா நான் குடை எடுக்காமப் போவேன். பத்து டம்ளர் டீயில மூணுல விஷம்னா ஒண்ணையும் தொட மாட்டேன். ரெண்டும் அதே மூணுதானுங்களே சார்? தப்பாப் போனா என்ன போகும்னு பார்க்காம, போதும் போதாதுன்னு எப்படீங்க சொல்றது?" ஐசக் பக்கம் திரும்பினேன். "நீங்க சொல்லுங்க ஐசக். அந்த டீயக் குடிப்பீங்களா?"

ஐசக் உண்மையாகவே யோசித்தார். "குடிக்கலாம்," என்றார். "குடிக்காமலும் இருக்கலாம்."

அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

"பாருங்க சார். இவருக்கு எதுவும் போதும்னு ஆகாது, மலையே மேல வந்து விழுந்தாலும். யாரும் போதும்னு சொல்லாட்டி, போதாதுன்னு எடுத்துக்கோணும்னு விதி போட்டது யாருங்க? நீங்கதானுங்களே? அது மட்டும் நடுநிலைங்களா?"

"நீ பயத்துல பேசறம்மா. பட்டையைக் கட்டிண்டு வந்து இதையே சொல்லு. கேக்கறேன்." அவர் குரல் சமமாக இருந்தது. நெற்றிப் பட்டையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நீங்க கழட்டுங்க. கழட்டிப் போட்டு ஜன்னல்ல பாருங்க."

"வேண்டாம்."

பல்லிக்குக் கத்துகிறவள்தான் நான். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றுவரை தெரியாது. மேசைக்கு மேல் எட்டி அவர் பட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். பயம் அவர் முகத்தில் ஏறுவதைப் பார்க்கக் காத்திருந்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அப்போதுதான் கையில் இருந்ததை உணர்ந்தேன். பட்டை சில்லென்று இருந்தது.

"சார், இது ஓடவே இல்லீங்களே."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு நாளும் ஓடினதில்லம்மா. வெறுமனே கட்டிண்டு உக்காருவேன். பொத்தான அழுத்தினா அந்தக் குழந்தை மொகம் மரத்துப் போயிடும். அது மரக்கக் கூடாது எனக்கு."

"அப்ப இத்தனை நாளா போதாது, போதாதுன்னு சொன்னதெல்லாம்?"

"பயந்துதான். மறுபடியும் ஊதச் சொல்லி, மறுபடியும் லாரியில ஒரு குழந்தை போயிட்டா? நீ மலைக்குப் பயப்படற. நான் சங்குக்குப் பயப்படறேன். அந்த விதியும் அப்படிப் போட்டதுதான்." அவருடைய கை இப்போது வெளிப்படையாக நடுங்கியது. இத்தனை நாள் அதை மேசைக்கு அடியில் வைத்திருந்தார் போலிருக்கிறது.

நாங்கள் பேசியதையெல்லாம் ஐசக் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் பயத்துலதான் பேசுதீங்க," என்றார். "அப்ப எந்தப் பயம் சரி?"

கேலி இல்லை, கோபம் இல்லை. வெறும் கேள்வி.

"அதைக் கீழ இருக்கறவங்ககிட்டக் கேட்டமாங்க?" என்றேன் கடைசியில். "அவங்க உசுரு, அவங்க குழந்தைங்க. எந்தப் பயம் பெருசுன்னு அவங்கதானுங்களே சொல்லோணும்? நாம ஒரு நாள்கூட இந்த எண்ணை அவங்களுக்குச் சொன்னதில்லை."

"இப்பக் கேக்க நேரமில்ல," என்றார் வரதன் சார். சங்குப் பொத்தானின் மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "எனக்குக் கை வராது. நீயே அழுத்து."

அழுத்தினேன். குடைகள் வரிசையாக மேலேறி வருவதைப் பார்த்தேன். நீலக் குடையும் வந்தது. புஷ்பாவின் கணவன் தன் அப்பாவை முதுகில் சுமந்து வந்தான்.

மலை அன்றைக்கு இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. மழை ஓயும்வரை எல்லோரும் கல்யாண மண்டபத்தில் ஈரப் பாயில் கிடந்தார்கள். புஷ்பாவின் மாமனார் குளிர்க் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, அங்கேயே இறந்துபோனார். வரதன் சார் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மலையை விட்டு இறங்கினார். விசாரணையில், எல்லாப் பழியையும் அவர் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. என்னைக் கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புஷ்பா வேலைக்கு வந்தாள். டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை.

"ஒங்க பயத்துக்கு எங்க வீட்ல ஒரு சாவும்மா," என்றாள். "இனிமே ஊதுனா லயத்துல யாரும் எந்திரிக்க மாட்டோம்."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயமும் சேர்ந்துகொண்டன. மழைச் சத்தம் கேட்டாலும் தூக்கம் போனது, சங்கை நினைத்தாலும் தூக்கம் போனது. இந்த வேலையே வேண்டாம் என்று பெட்டியைக் கட்டிவைத்தேன். என் நாற்காலியில் ஐசக் போல ஒருவர் கதகதப்பான பட்டையோடு வந்து உட்காருவார் என்று தோன்றியதும் அவிழ்த்துவிட்டேன்.

வரதன் சார் இடத்துக்கு டாக்டர் ஹேமலதா வந்தார். நல்ல மனுஷி, கெட்டிக்காரி. விதிப்படி நடப்பவர், அவருடைய பட்டை நிஜமாகவே ஓடியது.

இன்று மறுபடியும் அந்த மழை.

"கீழ உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா மேடம்?" என்று கேட்டாள் சந்திரா.

"இல்லை," என்றேன்.

உள்ளே போய்ப் பட்டையைக் கட்டிக்கொண்டேன். பொத்தானை அழுத்துவது போல விரலை மட்டும் வைத்து எடுத்தேன். எதிரே ஐசக் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பட்டையைக் கழற்றிய பிறகு, டீயைப் பற்றித் தான் சொன்ன பதில் நினைவுக்கு வந்து, தோட்டத்துப் பக்கம் போய் வாந்தி எடுத்தவர். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மதியம் திரையில் எண் வந்து நின்றது. பத்தில் மூன்று. என்னைக் கேலி செய்ய வந்தது போல அதே எண்.

"பகுதி நான்கு. போதுமா?" என்றார் ஹேமலதா. "என் கருத்து, போதாது."

இரண்டு பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பாவை முதுகில் சுமந்து வந்த புஷ்பாவின் கணவன் கண்ணில் நின்றான். அந்தச் சாவுக்குக் கொள்ளி வைக்க ஒரு மகன் இருந்தான். மலை இறங்கினால் கொள்ளி வைக்கவும் ஆள் இருக்காது. குரலைச் சமமாக வைத்துக்கொண்டு, "போதும்," என்றேன்.

ஹேமலதா ஐசக்கைப் பார்த்தார்.

"போதும்," என்றார் ஐசக்.

"இரண்டுக்கு ஒன்று. ஊதலாம்," என்று ஹேமலதா பொத்தானை அழுத்தினார். பிறகு ஐசக்கின் கையைக் கவனித்தார். "உங்க கை ஏன் இப்படி நடுங்குது?"

ஐசக் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "குளிருது மேடம்," என்றார்.

சங்கு மலையெல்லாம் எதிரொலித்தது. கேமரா லயத்துப் பாதையைக் காட்டியது. ஒரு குடைகூட இல்லை. ஒவ்வொரு கூரையிலும் புகை வந்துகொண்டிருந்தது, சமைத்துக்கொண்டிருந்தார்கள். புஷ்பாவுக்கு இன்று விடுமுறை. மகளோடு வீட்டில்தான் இருப்பாள்.

சங்கு ஓய்ந்து மறுபடியும் ஊதியது. பாதை காலியாகவே கிடந்தது.

"நம்ம வேலை முடிஞ்சுது. வர்றதும் வராததும் அவங்க விருப்பம்," என்றார் ஹேமலதா அமைதியாக.

"விருப்பம்னா, விஷயம் தெரிஞ்சிருக்கோணுமுங்க," என்று எழுந்தேன். பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஹேமலதா அதை எடுத்து ஓரமாக வைக்கப்போனார். தொட்டதும் அவர் விரல்கள் அந்தச் சில்லிப்பிலேயே நின்றுவிட்டன. நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

வாசலில் சந்திரா மறித்தாள். "மேடம், எங்க போறீங்க? சங்கு ஊதியாச்சு, கீழ போகக் கூடாது."

"எண்ணைச் சொல்லிட்டு வந்துடறேன் சந்திரா. பத்துல மூணுதான், நிச்சயமில்லைன்னு உள்ளதைச் சொல்றேன். போன தடவை நான் பயந்ததையும் சொல்றேன். அப்புறம் அவங்க திட்டட்டும், அடிக்கட்டும், வரட்டும்."

"எதுக்கு மேடம்? அங்கதான் உங்களுக்கு யாரும் இல்லையே?"

"இருக்காங்க," என்றேன்.

அவள் தன் குடையை எடுத்து என் கையில் கொடுத்து, வழி விட்டாள். செம்மண் தண்ணீர் படிக்கட்டில் அருவி போல ஓடிக்கொண்டிருந்தது. என் கால் நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் இறங்கியது.